நாலந்தா வழியே சென்ற வீதி: நல்லவர் ஒருவரின் குறை

ஆங்கில இலக்கியத்தில் 'டிஸ்டோப்பியா' என்றொரு கதை வகை உண்டு. எல்லாரும் இன்புற்றிருக்கும் பொன்னுலகைக் கற்பனை செய்வது 'உட்டோப்பியா' என்றால், அதற்கு நேர் மாறான கொடிய உலகைக் காட்டுவது டிஸ்டோப்பியா. ஆல்டஸ் ஹக்ஸ்லி 1932இல் எழுதிய நாவலும், ஜார்ஜ் ஓர்வெல்லின் 'விலங்குப் பண்ணை' (1945), '1984' (1949) ஆகிய இரண்டும், மார்கரெட் அட்வுட் 1985இல் எழுதியதும் இவ்வகையில் உலகம் அறிந்தவை.

இக்கதைகளில் என் கவனம் கொடுங்கோலன்மீது செல்வதில்லை. கொடுங்கோலர்கள் எந்த நாட்டிலும் எந்தக் காலத்திலும் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவர்களே. நம் சிந்தனையைத் தூண்ட வேண்டியவர் இடையில் நிற்கும் மனிதர். அவர் இரக்கமுள்ளவர், உழைப்பாளி, பிறர் பொருளுக்கு ஆசைப்படாதவர். ஆயினும் அவரிடம் ஒரு குறை இருக்கிறது. அந்தக் குறையைப் பிடித்துக்கொண்டுதான் கொடுமை நிலைபெறுகிறது.

'விலங்குப் பண்ணை'யில் வரும் பாக்ஸர் என்னும் குதிரை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அதற்கு யாரையும் நோகடிக்க மனம் வராது. பண்ணையின் பாரத்தையெல்லாம் தானே சுமக்கும். எத்துயர் வந்தாலும் இன்னும் அதிகமாக உழைத்தால் சரியாகிவிடும் என்பதே அதன் நம்பிக்கை. நான்கு எழுத்துகளுக்குமேல் அதனால் கற்க முடியவில்லை. சுவரில் எழுதிய சட்டங்கள் ஒவ்வொன்றாக மாற்றப்படுவதை அது உணரவுமில்லை. அதன் நற்குணமே அதன் குறையாகி, பன்றிகளின் ஆட்சிக்குத் தூணாகிவிடுகிறது.

ஓர்வெல் இதைக் காற்றிலிருந்து கற்பனை செய்துவிடவில்லை. அவர் 1903இல் பீகாரின் மோதிஹாரியில் பிறந்தவர். தந்தை ஆங்கில அரசின் அபினித் துறை அதிகாரி. ஓர்வெல்லே 1922 முதல் 1927 வரை பர்மாவில் போலீஸ் அதிகாரியாக இருந்தார். ஏகாதிபத்தியம் என்ற இயந்திரத்தை உள்ளிருந்து கண்டவர் அவர். அந்த இயந்திரத்தில் நல்லவர்களும் பணியாற்றினார்கள் என்பதை அவர் அறிவார்.

அப்படிப்பட்ட நல்லவர் ஒருவரை, கதையில் அன்றி வரலாற்றிலேயே காண விரும்புகிறவர் இலங்கையின் மாத்தளை மாவட்டத்திலுள்ள நாலந்தாவுக்கு வரலாம்.

நாலந்தாவின் இரு முகங்கள்

நாலந்தா என்றதும் பீகாரின் பழம்பெரும் பல்கலைக்கழகமே பலர் நினைவுக்கு வரும். இது வேறு. மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையில், யாழ்ப்பாணத்தையும் கண்டியையும் இணைக்கும் ஏ-9 நெடுஞ்சாலையை ஒட்டிய சிற்றூர் இது. இங்குள்ள 'கெடிகே' என்னும் கற்றளி தமிழர்கள் அவசியம் காணவேண்டிய ஒன்று. கி.பி. 8ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதாகக் கருதப்படும் இக்கட்டடம், மாமல்லபுரத்தை அறிந்தவர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. அமைப்பு பல்லவர் பாணி, வழிபாடோ பௌத்தம். இரண்டு மரபுகள் ஒரே கல்லில் இணக்கமாக வாழ்ந்த காலம் ஒன்று இருந்தது என்பதற்கு இக்கோயில் சாட்சி.

மகாவலித் திட்டத்தில் போவதென்ன நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது இக்கோயில் நீரில் மூழ்கும் நிலை ஏற்பட்டது. 1970களின் நடுப்பகுதியில் தொல்லியல் துறையினர் கோயிலைக் கல் கல்லாகக் கழற்றி, மேட்டு நிலத்தில் மீண்டும் அடுக்கி எழுப்பினர். இன்று நீர்த்தேக்கத்தின் கரையில் அது நிற்கிறது.

இது நாலந்தாவின் ஒரு முகம். இதைச் சுற்றுலாக் கையேடுகள் எழுதுகின்றன. அவை எழுதாத இன்னொரு முகமும் உண்டு. தலைமன்னார், அரிப்பு முதலிய கரைகளில் தோணியிலிருந்து இறங்கி, கோப்பித் தோட்டங்களை நோக்கி ஏறத்தாழ 150 மைல் நடந்துசென்ற தமிழகத்துத் தொழிலாளர்களின் வழியில் நாலந்தா ஒரு கட்டம். தம்புள்ளையைக் கடந்து, நாலந்தாவைக் கடந்து, மாத்தளையை அடைந்தால் காட்டுவழி முடிந்தது; உயிர் தப்பியது என்று பொருள். மாத்தளையை அம்மக்கள் 'பன்னாமம்' என்று அழைத்தனர் என்பதை மலையக எழுத்தாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

அந்த வழியோடு பின்னிப்பிணைந்த ஒரு பெயர் தோமஸ் ஸ்கின்னர்.

பதினைந்து வயது அதிகாரி

ஸ்கின்னர் 1804இல், இன்றைய கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் பிறந்தவர். தந்தை பீரங்கிப்படை அதிகாரி. 1818இல் சிறுவனாக இலங்கை வந்து, பதினைந்து வயதளவில் படையில் அதிகாரியானார். 1815இல் கண்டி இராச்சியம் வீழ்ந்து, 1817–18இல் ஊவா வெல்லசைக் கிளர்ச்சி இரத்தத்தில் அடக்கப்பட்டிருந்த நேரம் அது. மலைநாட்டைக் கையில் வைத்திருக்க வீதிகள் வேண்டும் என்று முடிவு செய்தவர் தேசாதிபதி சேர் எட்வர்ட் பார்ன்ஸ். 1820இல் கொழும்பு–கண்டி வீதி வேலை தொடங்கியபோது, இந்த இளைஞனை அழைத்து ஒரு பகுதியை ஒப்படைத்தார். ஸ்கின்னருக்கு வீதி போடத் தெரியாது. அவரிடம் தரப்பட்ட கண்டிக் கிராமத்தார் இருநூறு பேருக்கும் தெரியாது. சேர்ந்தே கற்றுக்கொண்டார்கள்.

வரலாற்றாசிரியர்கள் பலர் இதை ஒரு வீரக்கதைபோல எழுதுவார்கள். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. அந்த இருநூறு பேர் கூலிக்கு வந்தவர்கள் அல்லர். அரசனுக்குச் செய்யவேண்டிய கட்டாய ஊழியமான 'இராசகாரியம்' என்ற பழைய முறையை வெள்ளையர் தம் தேவைக்குத் திருப்பிக்கொண்டதால் இழுத்து வரப்பட்டவர்கள். அரசன் காலத்தில் அந்த ஊழியத்துக்குப் பதிலாக நிலமும், மரபு வகுத்த எல்லையும் இருந்தன. புதிய ஆட்சியில் எல்லை தளர்ந்தது, வேலை பெருகியது. கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி 1832இல் பிரித்தானிய அரசு இம்முறையை ஒழிக்கும்வரை, மலைநாட்டு வீதிகள் இக்கட்டாய உழைப்பிலும், தென்னிந்தியரைப் பெருமளவில் கொண்ட பயனியர் படைகளின் உழைப்பிலும்தான் உருவாயின.

ஸ்கின்னர் அத்தொழிலாளர்களோடு காட்டிலேயே வாழ்ந்தவர். மழையிலும் அட்டைக்கடியிலும் காய்ச்சலிலும் கிடந்தவர். கண்டி மக்களை மதித்தார். அவர்கள் நம்பிக்கைக்கு உரியவர்கள் என்று எழுதினார். மேசைக்குப் பின்னால் அமர்ந்து ஆணையிட்ட துரைகளோடு அவரைச் சேர்க்க முடியாது. பின்னர் மலைநாட்டை அளந்து வரைபடம் ஆக்கினார். 1830களில் காடு மூடிக்கிடந்த அனுராதபுரத்தை வெளியுலகோடு இணைக்கும் வீதிப் பணியில் ஈடுபட்டார். 1841இல் வீதி ஆணையாளரானார். 1867இல் ஓய்வு பெறும்வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டு இலங்கையின் வீதிகளே அவர் வாழ்க்கை. அவர் வந்தபோது மலைநாட்டில் வீதி என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. அவர் விடைபெற்றபோது தீவில் ஏறக்குறைய 3,000 மைல் வீதிகள் இருந்தன. அவர் 1877இல் காலமானார். அவருடைய தன்வரலாறு 1891இல் மகளின் முயற்சியால் வெளிவந்தது.

வடக்கு வீதியின் ஒவ்வொரு மைலையும் அவரே அமைத்தார் என்று சொல்ல வரவில்லை. ஆனால் 1841க்குப் பிறகு அத்தீவின் வீதிகள் அவர் தலைமை வகித்த துறையின் பொறுப்பு. நாலந்தா வழியும் அதில் அடங்கும்.

கோப்பி வந்தது, மக்கள் நடந்தனர்

போர்த் தேவைக்காகப் பிறந்த வீதி, கோப்பித் தேவைக்காக நீண்டது. 1820களில் தொடங்கிய கோப்பிப் பயிர், 1830களின் பிற்பகுதியில் ஒரு வெறியாகவே மாறியது. 1840ஆம் ஆண்டுக் காணிச் சட்டம், உரிமைப்பத்திரம் காட்ட முடியாத காடுகளையும் தரிசுகளையும் அரசுக்குரியவை என அறிவித்தது. ஏக்கர் ஐந்து சிலிங்குக்குக் காணி விற்கப்பட்டது. வாங்கியவர்களில் தேசாதிபதிகளும் நீதிபதிகளும் படை அதிகாரிகளும் இருந்தார்கள். ஆள்பவரே தோட்டக்காரர் என்றால் சட்டம் யார் பக்கம் சாயும் என்பதை வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கண்டிக் கிராமத்தார் தோட்டக் கூலிக்கு வர விரும்பவில்லை. ஆகவே தமிழகத்திலிருந்து ஆட்கள் வந்தனர். திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம், திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டைப் பகுதிகளின் வறிய மக்கள் கங்காணிகளின் தலைமையில் கடல் கடந்தனர். கோப்பிக்கு ஆள் தேவை அறுவடைக் காலத்தில்தான் அதிகம். எனவே ஆண்டுதோறும் வருவதும் போவதுமாக இருந்தது. வரும்போது கையில் பணமில்லை. போகும்போது உடம்பில் தெம்பில்லை. இடையில் நீரற்ற காடு, காட்டு யானை, வாந்திபேதி, வைசூரி.

அக்காலத்தில் கொழும்பில் வெளிவந்த 'ஒப்சேவர்' பத்திரிகை 1849இல் ஒரு கணக்கை வெளியிட்டது. 1840களில் வந்த தொழிலாளர்களில் ஏறக்குறைய 70,000 பேர், அதாவது நான்கில் ஒருவர், மாண்டுபோனார்கள் என்பது அக்கணக்கு. வந்தவர் தொகைக்கும் திரும்பியவர் தொகைக்கும் உள்ள வேறுபாட்டை வைத்துப் போட்ட கணக்கு இது மிகையானது என்று பிற்கால ஆய்வாளர்கள் சிலர் வாதிட்டனர். பதிவில் சேராமல் திரும்பியவர்களும், இலங்கையிலேயே தங்கிவிட்டவர்களும் அத்தொகையில் இருக்கலாம் என்பது அவர்கள் வாதம். அது நியாயமானதே. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பல்லாயிரம் மனிதர்கள் உயிரோடு இருக்கிறார்களா இல்லையா என்பதை வாதத்தால்தான் தீர்க்கவேண்டியிருக்கிறது. அந்த வழியில் மைல்கள் எண்ணப்பட்டன, மனிதர்கள் எண்ணப்படவில்லை.

1848

இந்த இயந்திரத்தின் இன்னொரு பக்கத்தைச் சிங்களக் கிராமத்தார் கண்டனர். 1847இல் கோப்பி விலை வீழ்ந்து அரசின் கருவூலம் வறண்டது. தேசாதிபதி டொரிங்டன் பிரபு, கிராமத்தார் தலையில் புதிய வரிகளை ஏற்றினார். துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி. இவற்றோடு 1848ஆம் ஆண்டின் வீதிச் சட்டம். வயது வந்த ஆண்கள் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதியில் உழைக்க வேண்டும், அல்லது அதற்கீடாகப் பணம் கட்ட வேண்டும் என்றது அச்சட்டம். 1832இல் பின்வாசல் வழியே அனுப்பிய இராசகாரியத்தை, பதினாறு ஆண்டு கழித்து முன்வாசல் வழியே அழைத்துவந்தது போன்றது இது.

1848 ஜூலை 28ஆம் நாள் தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டார். மறுநாள் மாத்தளை தாக்கப்பட்டது. தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு இறங்கும் வழி நாலந்தா வழிதான். தொழிலாளர்கள் நோயோடு நடந்த அதே தடத்தில், வரி தாங்காத விவசாயிகள் கோபத்தோடு நடந்தார்கள். இரு சாராரையும் வதைத்தது ஒரே கோப்பிப் பொருளாதாரம். ஆயினும் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் அறியவில்லை. பின்னர் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இத்தீவைத் துன்புறுத்திய பிளவின் விதை இங்கேயே விழுந்தது என்பது என் துணிபு.

கிளர்ச்சி சில நாட்களில் நசுக்கப்பட்டது. இராணுவச் சட்டத்தின்கீழ்ப் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். புரன் அப்பு ஆகஸ்ட் 8ஆம் நாள் கண்டியில் சுடப்பட்டார். பிக்கு ஒருவர் காவியுடையோடே சுடப்பட்டது பௌத்தர்கள் நெஞ்சில் ஆறாத புண்ணானது. பிரதம நீதியரசர் சேர் அந்தனி ஒலிஃபன்ட், கண்டியில் கைதிகளை விசாரித்து மரண தண்டனை விதித்தார். கையோடு அவர்களுக்குக் கருணை காட்டும்படியும் பரிந்துரைத்தார். நல்ல மனமுள்ள நீதிபதி. ஆனால் அவரும் மலைநாட்டில் தோட்டம் வைத்திருந்தவர்தான். இடையில் நிற்கும் மனிதருக்கு இவரும் ஓர் எடுத்துக்காட்டு.

உண்மையை எழுதிய கை

இந்தக் கலவரம்பற்றி இலண்டன் பாராளுமன்றம் ஒரு தெரிவுக்குழு அமைத்து விசாரித்தது. முடிவில் 1850இல் டொரிங்டன் பதவியிழந்தார். அவ்விசாரணையின் ஆவணங்களில் ஸ்கின்னர் அளித்த குறிப்பும் ஒன்று. அதை அரசுப் பணியாளர் ஒருவர் எழுதினார் என்று நம்புவது கடினம். மது அரிதாக இருந்த கண்டிக் கிராமங்களில், வருமானத்துக்காகத் தவறணைகளைத் திறந்து, குடியைப் பரப்பியது அரசே என்று அவர் குற்றஞ்சாட்டினார். கிராமத் தலைவர்களின் மதிப்பு சிதைக்கப்பட்டதையும், கோப்பித் தோட்டங்களோடு கூடவே சீரழிவும் மலையேறியதையும் எடுத்துச் சொன்னார். ஆள்வோர்க்கும் மக்களுக்கும் இடையே இருந்த நம்பிக்கை அறுந்துபோனது என்று வருந்தினார்.

பாக்ஸரிடமிருந்து ஸ்கின்னர் வேறுபடுவது இங்கேதான். பாக்ஸருக்குச் சுவரெழுத்து படிக்கத் தெரியாது. ஸ்கின்னருக்குத் தெரிந்தது. சட்டங்கள் மாறியதை அவர் கண்டார். எழுத்திலும் வைத்தார். பிறகு என்ன செய்தார்? பணிக்குத் திரும்பினார். மேலும் பதினேழு ஆண்டுகள் வீதிகள் போட்டார். சீரழிவு எந்த வீதிகளில் ஏறி வந்ததோ, அதே வகை வீதிகளை மேலும் மலைகளுக்குள் செலுத்தினார்.

அவர் கபடர் அல்லர். வீதி என்பது ஏழைக்கு நன்மை தருவது என்று இறுதிவரை உண்மையாகவே நம்பினார். அது முற்றிலும் பொய்யுமல்ல. வீதி வழியே மருந்தும் வரும், நெல்லும் வரும், பள்ளிக்கூடமும் வரும். ஆனால் யாருடைய தேவைக்காக வீதி போடப்படுகிறதோ அவருக்கே அது முதலில் ஊழியம் செய்யும் என்ற எளிய உண்மையை அவர் கணக்கில் எடுக்கவில்லை. வேலையைச் செம்மையாகச் செய்தால் போதும், பலன் தானாக நல்லதாகிவிடும் என்ற நம்பிக்கை ஓர்வெல்லின் குதிரைக்கும் இந்த மேஜருக்கும் பொது. அதுவே இருவரின் குறை.

இன்னொரு குறையும் உண்டு. அவருடைய இரக்கத்துக்கு ஓர் எல்லை இருந்தது. இளமை முதல் தம்மோடு வாழ்ந்த கண்டி மக்களின் துயரம் அவர் கண்ணுக்குத் தெரிந்தது; அக்குறிப்பின் கவலையெல்லாம் அவர்களைப் பற்றியதே. அதே ஆண்டுகளில் அதே வீதிகளில் விழுந்துகொண்டிருந்த தமிழகத் தொழிலாளர்கள் அக்கவலையின் மையத்தில் இல்லை. பழகியவரிடம் சுரப்பது இரக்கம்; முகம் அறியாதவருக்கும் உரியதைத் தருவது நீதி. ஸ்கின்னரிடம் முன்னது நிறைய இருந்தது.

பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் என்பதால் ஒரு ஒப்பீட்டைச் சொல்லாமல் விட முடியவில்லை. மேற்சொன்ன 'ஒப்சேவர்' பத்திரிகையை அக்காலத்தில் நடத்தியவர் கிறிஸ்தோபர் எலியட் என்ற அயர்லாந்து மருத்துவர். வரிகளை எதிர்க்குமாறு தூண்டும் கடிதத்தை 1848 ஜூலையில் வெளியிட்டதற்காக ஆட்சியாளரின் கோபத்துக்கு ஆளானவர். அவரும் குறையற்றவர் அல்லர். வெள்ளையர் சமூகத்தில் ஒருவர்தான். ஆனால் அவர் பத்திரிகை ஒரு காரியம் செய்தது. இறந்தவர்களை ஓர் எண்ணாக்கி, அச்சிலேற்றி, ஊரறியக் கேள்வி எழுப்பியது. தொழிலாளர் வருகையை ஒழுங்குபடுத்த அரசு சட்டம் இயற்றியது 1858இல்தான். எண்ணிக்கை துல்லியமோ இல்லையோ, எண்ணத் தொடங்கியதே முதல் அறம்.

தீர்ப்பு சொல்வது எப்படி?

வரலாற்றில் இத்தகைய மனிதர்களை மதிப்பிடுவதில் இருவகைத் தவறு நேர்வதுண்டு. ஒன்று, அவருடைய நல்ல குணத்தைக் காட்டி அவர் செய்த பணியின் விளைவை மன்னித்துவிடுவது. கொழும்பிலும் இலண்டனிலும் எழுதப்பட்ட பழைய நூல்கள் இதைச் செய்தன. மற்றொன்று, விளைவைக் காட்டி அவர் குணத்தையே பொய் என்பது. இன்றைய மேடைப் பேச்சுகளில் இது அதிகம். இரண்டாவது வழியில் சென்றால் நாம் ஒரு பாடத்தை இழந்துவிடுவோம். கொடியவர்கள் மட்டுமே கொடுமையை நடத்தினார்கள் என்றால், கொடியவர் அல்லாத நாம் நிம்மதியாகத் தூங்கலாம் அல்லவா? நல்லவர்களின் திறமையும் நேர்மையும் இல்லாமல் எந்தக் கொடிய அமைப்பும் ஓராண்டுகூட ஓடாது என்பதுதான் ஸ்கின்னரின் வாழ்க்கை சொல்லும் செய்தி. 'அவர் நல்லவரா?' என்பதைவிட, 'தாம் அறிந்ததை வைத்து அவர் என்ன செய்தார்?' என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

ஸ்கின்னர் ஓய்வுபெற்ற 1867ஆம் ஆண்டிலேயே கண்டிக்கு இரயில் வந்தது. 1880இல் மாத்தளைக்கும் வந்தது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் சேவை தொடங்கியது. கால்நடைப் பயணம் பழங்கதையானது. ஆனால் எண்ணப்படாமை தொடர்ந்தது. 1848க்குச் சரியாக நூறாண்டு கழித்து, 1948இல் சுதந்திர இலங்கையின் குடியுரிமைச் சட்டம் ஏறக்குறைய ஏழு இலட்சம் மலையக மக்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கு போட்டது. அவ்வொப்பந்தத்தை எழுதியவர்களும் தத்தம் நாட்டில் நல்லவர்கள் என்றே பெயர் பெற்றவர்கள். நாடற்றவர் பிரச்சினைக்குச் சட்டத் தீர்வு முழுமைபெற 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

2023இல், மலையக மக்கள் இலங்கை வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. ஜூலை 28ஆம் நாள் தொடங்கிய அப்பயணம் ஆகஸ்ட் 12ஆம் நாள் மாத்தளையில் நிறைவுற்றது. தமிழரோடு சிங்களவரும் முஸ்லிம்களும் அதில் நடந்தார்கள். 1848இல் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே தடத்தில் நடந்தவர்களின் வழித்தோன்றல்கள் 175 ஆண்டுகள் கழித்துச் சேர்ந்து நடந்தார்கள் என்பதை நான் பெரிய செய்தியாகவே கருதுகிறேன்.

நாலந்தாக் கெடிகேயைக் காப்பாற்ற ஒவ்வொரு கல்லையும் எடுத்து மீண்டும் அடுக்கினார்கள். அந்தக் கோயிலுக்கு அண்மையில் செல்லும் வீதியோரம் மடிந்தவர்களுக்கு ஒரு கல்லும் நடப்படவில்லை. அவ்வழியே வாகனத்தில் செல்லும் தமிழர்கள் கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, வீதியையும் ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். அது நல்லவர்கள் போட்ட வீதி. அதனாலேயே அது எந்தத் தேவைக்குப் போடப்பட்டது, யார் அதில் நடந்தார்கள் என்பதை மறக்காமல் இருப்பது நம் கடமை.